பேனல் கைப்பிடியில் ஒற்றைச் செருப்பு

மேடையில் என்னை அறிமுகம் செய்கிறவர்கள் மூன்று பட்டம் சொல்வார்கள். எழுத்தாளர், வடிவமைப்பாளர், தகவல் வரலாற்றில் ஆர்வம் கொண்டவர். மூன்றாவதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். அது என்ன சங்கதி என்று அவர்களுக்கே தெரியாது. கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவில் விசாரித்தால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்: "கம்பெனிக்கு போர்டு போட்டுக் குடுக்கும் பாரு, அந்தப் பொண்ணு." இதைக் கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பட்டம் மூன்றும் போய் ஒற்றைப் போர்டில் வந்து நிற்கிறதே என்ற எரிச்சல்தான்.

தகவல் வரலாறு ஒன்றும் பெரிய வித்தை கிடையாது. ஒரு ஆள் சொல்ல நினைத்ததை இன்னொரு ஆளிடம் எது கொண்டுபோய்ச் சேர்த்தது என்று பார்ப்பது. ஆலைச் சங்கு, கேட் பாஸ், கேன்டீன் டோக்கன், வருகைப் பதிவேடு, முத்திரை, கைநாட்டு எல்லாம் இதில் அடங்கும். இவை எப்படி வந்தன, எது போய் எது வந்தது, போனபோது கூடவே என்ன போயிற்று என்று நான் எழுதுகிறேன். நன்றாகவே எழுதுகிறேன் என்கிறார்கள். அந்தத் திறமையால் எங்கள் வீட்டில் ஒருவனுக்கு நேர்ந்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், ஆரணிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். சாகும்வரை கைநாட்டுதான். கட்டைவிரலில் மை தடவி அழுத்திவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவன் என் அண்ணன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். ஐடிஐயில் ஃபிட்டர் படித்தான். அவன் கையெழுத்து ஒரு கலெக்டர் கையெழுத்துக்குச் சமானம். பெயரை எழுதி, கடைசி எழுத்திலிருந்து ஒரு கோட்டை நீளமாக இழுத்து, அதன் கீழே இரண்டு புள்ளி வைப்பான். என் ரேங்க் கார்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் அந்தக் கோடும் இரண்டு புள்ளியும்தான் இருக்கும். நைனாவின் கட்டைவிரல் என் பள்ளிக்கூடத்துக்கு வந்ததே இல்லை. எனக்கு அது பெருமையாக இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டிடிபி கடையில். கண்ணீர் அஞ்சலியும் மஞ்சள் நீராட்டு விழாவும் அடுத்தடுத்த ஃபைலில் கிடக்கும். ஒருமுறை அஞ்சலி போஸ்டருக்குப் பின்னால் ரோஜாப்பூ வேண்டும் என்று கேட்டவரிடம், செத்தவர் என்ன கல்யாணமா பண்ணிக்கொண்டார் என்று கேட்டேன். வாய்க்கொழுப்பு அப்போதே இருந்தது. பக்கத்துத் தொழிற்பேட்டையிலிருந்து கேட் பாஸ் அடிக்க வருவார்கள். அந்தச் சின்னத் தாளில் ஒரு மனிதனை எப்படிச் சுருக்கி அடைக்கிறார்கள் என்று பார்க்கப் பார்க்க ஆசை பிடித்துக்கொண்டது. பழைய பேப்பர் கடையில் மூடப்பட்ட ஆலைகளின் பதிவேடுகளைக் கட்டுக்கட்டாக வாங்கினேன். வீட்டில் கால் வைக்க இடமில்லை. அம்மா அந்தக் கட்டுகள்மேல் வடகம் காயப் போட்டாள். அதையெல்லாம் வைத்து நான் எழுதியவை சென்னையில் சிலருக்குப் பிடித்துப்போயின. கொஞ்ச நாளில் டிடிபி கடையை விட்டுவிட்டு, ஆலைகளுக்குப் பாதுகாப்புப் பலகைகள் வடிவமைக்கத் தொடங்கினேன்.

அண்ணன் வேலை பார்த்தது இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில். "என் தங்கச்சி நல்லா போடும் சார்" என்று சேஃப்டி ஆபீஸரிடம் அவனே போய்ச் சொன்னான். அப்படித்தான் எனக்கு அந்த ஆலையின் வேலை கிடைத்தது. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நான் உள்ளே போன முதல் நாளில்தான் அந்தச் செருப்பைப் பார்த்தேன்.

அங்கே ஒரு வழக்கம். ஓடுகிற மெஷினை நிறுத்தி அதற்குள் கை விட வேண்டிய ஃபிட்டர், முதலில் பேனலுக்குப் போவான். பேனல் என்பது ஆளுயர சுவிட்சுப் பெட்டி. அதன் கைப்பிடியைக் கீழே இழுத்து மின்சாரத்தை நிறுத்துவான். பிறகு தன் இடது கால் செருப்பைக் கழற்றி அந்தக் கைப்பிடியில் மாட்டுவான். செருப்பு தொங்கும்வரை ஒரு பயல் அந்தக் கைப்பிடியைத் தொடமாட்டான். வேலை முடிந்ததும் ஃபிட்டர் நொண்டிக்கொண்டே வந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, தானே கைப்பிடியை மேலே ஏற்றுவான். யார் செருப்பு எது என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணனுடையது பச்சை வார் வைத்தது. அறுந்துபோன இடத்தைக் கம்பியால் முடுக்கியிருந்தான்.

நான் சிரித்துவிட்டேன். போனில் படம் எடுத்துக்கொண்டேன். சேஃப்டி ஆபீஸருக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

"இதைத்தான் மேடம் மொதல்ல ஒழிக்கணும். வெளிநாட்டுல இருந்து ஆடிட்டுக்கு வர்றாங்க. பேனல்ல செருப்பு தொங்கறதப் பார்த்தா நம்ம மானம் போயிடும்."

நான் ஒழித்துக் கொடுத்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்பு அட்டை. முன்பக்கம் தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் 'ஆள் வேலை செய்கிறார், இயக்காதே' என்று இருக்கும். பின்பக்கம் நான்கு வரி: பெயர், தேதி, நேரம், கையொப்பம். மேலே ஓட்டை, அதில் கொக்கி. மூன்று எழுத்து வடிவங்களையும் ஒரே உயரத்தில் நிற்க வைக்க இருபது நாள் மல்லுக்கட்டினேன். லேமினேஷன் எது என்று அச்சகத்தில் கேட்டபோது பளபளப்பானதைச் சொன்னேன். சொரசொரப்பான மேட் போட்டால் சிவப்பு செத்துப்போகும். எனக்கு அந்தச் சிவப்பு கண்ணில் குத்த வேண்டும். ஏசி அறையில் ஒரு மார்க்கர் பேனாவால் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன், அழகாக விழுந்தது. அதோடு சோதனை முடிந்தது.

அட்டை வந்த அன்றே எல்லோருக்கும் பூட்ஸும் வந்தது. செருப்பு கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டது. ஆடிட்டுக்கு வந்தவர்கள் என் அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். அடுத்தடுத்து மூன்று ஆலைகள் அதே அட்டையைக் கேட்டன. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணி பழவேற்காட்டு நண்டு வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். நான் இரண்டாவது தடவை சோறு வாங்கும்போது அண்ணன் பேச்சை எடுத்தான்.

"ஏம்மா, உன் அட்ட பாக்க சூப்பராதான் கீது. ஆனா பேனா ஏற மாட்டேங்குது."

"எந்தப் பேனா?"

"சாதா பேனாதான். பாக்கெட்ல வேற இன்னா வச்சிக்கினு சுத்துவோம்? கையில கிரீஸ் வேற. வழுக்கிக்கினு போவுது. அதனால யாரும் பேரே எழுதறதில்ல. வெறும் அட்டய மாட்டிட்டு போய்க்கினே கீறாங்க."

"கைய தொடச்சிட்டு எழுதச் சொல்லு."

"தொடச்சாலும் ஏறல."

"சுத்தமான கைக்குதான்ணா நான் அத்த பண்ணிகீறேன்."

அண்ணியின் கரண்டி குழம்புச் சட்டியில் அப்படியே நின்றது. "இன்னாடி பேச்சு இது" என்றாள் அம்மா. அண்ணன் மட்டும் சிரித்தான். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். குழம்பு ஒட்டியிருந்தது, நக இடுக்கில் கறுப்பு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் என் அட்டையை விட்டுவிட்டு அவன் கையைக் கோணல் என்றேன். அந்தக் கை போட்ட கையெழுத்தில்தான் நான் பன்னிரண்டு வகுப்புத் தாண்டினேன் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

அவன் சிரித்து முடித்துவிட்டு இன்னொன்றும் சொன்னான்.

"செருப்புன்னா அத்த எடுக்காம ஊட்டுக்குப் போவ முடியாது பாரு. ஒத்தக் கால்ல யாரு ஊட்டுக்குப் போவான்? வேல முடிஞ்சா தன்னால எறங்கிடும். உன் அட்டய எடுக்கணும்னு எவனுக்கு இன்னா அவசரம்? அது பாட்டுக்குத் தொங்கிக்கினே கீது. மூணு நாளா ஒரே பேனல்ல ரெண்டு தொங்குது. ஆள் கீறானா இல்லயான்னே தெரியல."

"ட்ரெய்னிங் குடுப்பாங்கண்ணா" என்றேன். கை கழுவிவிட்டு வந்து, 'ஒற்றைக் காலில் யார் வீட்டுக்குப் போவான்' என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். வாக்கியம் நன்றாக இருந்தது. அட்டையைப் பற்றி ஆலைக்குப் போன் செய்யவில்லை. புதிய ஆலைகளுக்கான அட்டைகள் அச்சில் ஓடிக்கொண்டிருந்தன, நிறுத்தினால் என் பெயர் கெடும்.

அதற்கு அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீட்டினால் நன்றாக எழுதத் தொடங்கிவிடுவேன். பிற்பகல் இரண்டு மணி, ஷிஃப்ட் மாறுகிற நேரம். கம்பியைத் தள்ளிக்கொண்டு போகும் உருளைகளில் ஒன்றுக்கு அண்ணன் பேரிங் மாற்றிக்கொண்டிருந்தான். கைப்பிடியை இறக்கிவிட்டு என் அட்டையை முறைப்படி மாட்டியிருந்தான். பின்பக்கம் வெறுமை. அதே பேனலில் ஏற்கெனவே இரண்டு வெறும் அட்டைகள் தொங்கின. புதிதாக ஷிஃப்டுக்கு வந்த ஆபரேட்டர் ஒடிசாக்காரர். மூன்று அட்டைகளையும் திருப்பிப் பார்த்தார். பெயர் இல்லை, நேரம் இல்லை. யாராவது உள்ளே இருக்கிறீர்களா என்று கத்தினார். அந்தச் சத்தத்தில் அது யார் காதில் விழும்? பழைய அட்டைகள் என்று நினைத்துக் கைப்பிடியை ஏற்றினார்.

நான் அந்நேரம் சென்னையில் ஓர் அச்சகத்தில் என் முதல் புத்தகத்தின் மேலட்டைக்கு மாதிரிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேட் என்று சொன்னேன். விரலுக்கு இதமாக இருந்தது.

அம்மாவிடம் போனில் சொன்னது நான்தான். அவள் அழவில்லை, கத்தவில்லை. "எந்தக் கை?" என்று கேட்டாள். வலது என்றேன். போனை வைத்துவிட்டாள். மருத்துவமனையில் மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றையும் ஒட்ட முடியவில்லை.

பத்து நாள் கழித்து சேஃப்டி ஆபீஸர் என்னை வரச் சொன்னார். டீயும் பிஸ்கட்டும் வந்தன. மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது, அதில் பொய் இல்லை. ஆனாலும் வேலையை மறக்கவில்லை.

"என்கொயரி நடக்குது மேடம். அட்டையை டிசைன் பண்ணவங்கன்னு உங்க கிட்ட ஒரு லெட்டர் வேணும். வேற ஒண்ணும் இல்ல. பின்னாடி எழுத இடம் இருந்துச்சா? இருந்துச்சு. அத மட்டும் எழுதிக் குடுங்க."

அந்த மேசையில்தான் நான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. பேனா ஏறாது என்று எனக்குத் தெரியும், என்னிடம் சொன்னவனே கையை இழந்திருக்கிறான் என்று இரண்டு வரி எழுதினால் போதும். குற்றம் அட்டைக்கும் ஆலைக்கும் போகும், அண்ணனின் பெயர் நிற்கும். பதினாறு வருஷ ஃபிட்டர் அவன். ஒரு நட்டைக்கூட அரைகுறையாக முடுக்கியதில்லை என்பார்கள். அவனிடம் மீதி இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். எழுதாவிட்டால் என் பெயர் நிற்கும். நான் பேனாவை எடுத்தேன். 'அட்டையின் பின்புறத்தில் பெயர், தேதி, நேரம், கையொப்பம் ஆகியவற்றை எழுதப் போதுமான இடம் தெளிவாக விடப்பட்டுள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்கிறார்கள். எழுதத் தெரிந்தவளுக்கு அது சுலபம். பயந்தேன் என்பதுதான் உண்மை. தங்கை செய்த அட்டையால் அண்ணன் கை போயிற்று என்று ஊர் பேசுமே என்று நடுங்கினேன். மிச்சமிருந்த ஒரு பிஸ்கட்டையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன்.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று விசாரணை முடிந்தது. ஆலை அவனைக் கைவிடவில்லை, கேட்டில் உட்கார வைத்தது. வருகிறவர்கள் பதிவேட்டில் பெயர் எழுதுகிறார்களா என்று பார்ப்பது வேலை. எழுதுகிறவர்கள் கையையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பான். கூட வேலை செய்தவர்கள் முதலில் வந்து பேசிவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒரு கேலி கிளம்பியது. பேர் எழுதச் சோம்பல்பட்டுக் கையைக் கொடுத்தவன் என்று புதிதாக வருகிற பயிற்சியாளர்களுக்கு அவனைக் காட்டினார்கள். பாதுகாப்பு வகுப்பில் அவன் ஒரு பாடமாகிப் போனான். என்னுடைய அட்டையை உயர்த்திப் பிடித்து, இதில் எழுதாவிட்டால் கேட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்பார்களாம். அண்ணிதான் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்காததற்கு நானும் பதில் சொல்லவில்லை.

அந்த வருஷம் நான் செருப்பைப் பற்றிக் கட்டுரை எழுதினேன்.

என் எழுத்திலேயே அதுதான் நன்றாக அமைந்தது என்கிறார்கள். ஒற்றைக் காலில் யாரும் வீட்டுக்குப் போவதில்லை, ஆகவே தொங்கும் செருப்பு காலாவதியாகாத தகவல், அட்டை அப்படியில்லை, அட்டைக்குக் கால் கிடையாது என்று எழுதியிருந்தேன். சென்னையில் ஓர் அரங்கில் வாசித்தபோது சபை எழுந்து நின்று கைதட்டியது. எப்படி அம்மா இப்படிக் கவனித்தாய் என்று ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியும் ஐயா என்றேன். அந்த அட்டையைச் செய்தது நான்தான் என்று கட்டுரையில் இல்லை. 'பிற்பாடு வந்த ஒரு சிவப்பு அட்டை' என்று மட்டும் இருந்தது.

கட்டுரையைப் படித்த கண்காட்சிக்காரர்கள் சிலர் அந்தச் செருப்பையே கேட்டார்கள். நான் ஊருக்குப் போய் அண்ணனிடம் கேட்டேன். கண்காட்சியில் இன்னாத்துக்கு ஒரு செருப்பு என்றுகூட அவன் கேட்கவில்லை. இடது கால் செருப்பைத் தேடி எடுத்து, பின்பக்கத் தொட்டியில் இடது கையாலேயே தேய்த்துக் கழுவினான். ஒரு கையால் தேய்க்கும்போது செருப்பு நழுவி நழுவி ஓடியது. காலால் மிதித்துக்கொண்டு தேய்த்தான்.

"கழுவாதண்ணா. அழுக்கோட இருந்தாதான் நல்லாருக்கும்" என்றேன்.

"நாலு பேரு பாக்கற எடமாச்சேமா" என்றான். உலர்த்தி, கேரி பேகில் போட்டுக் கொடுத்தான்.

கண்காட்சிக்கு முதல் நாள் அந்தச் செருப்பின்மேல் நான் கொஞ்சம் கிரீஸ் தடவினேன். கண்ணாடிப் பெட்டிக்குள், வெள்ளைத் துணியில், கீழே ஒரு சின்ன அட்டை வைத்தேன். 'செருப்பு. ஆலைத் தொழிலாளி ஒருவருடையது. பெயர் தெரியவில்லை.' பெயர் தெரியாமல் இருந்தால் பார்க்கிறவர்கள் மனம் கரையும் என்று எனக்குத் தெரியும். அது என் தொழில். அண்ணனும் அண்ணியும் புறநகர் ரயில் பிடித்துப் பார்க்க வந்தார்கள். நல்ல சட்டை போட்டு, வலது கையின் சட்டை நுனியைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் செருகியிருந்தான். பெட்டியின் முன்னால் நெடுநேரம் நின்றான். என்னைக் கூப்பிட்டு, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டான்.

"கிரீஸ் எப்டிமா வந்துச்சு? நான் நல்லாதான கழுவிக் குட்த்தேன்."

பெயரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி அந்தச் சின்ன அட்டையை இரண்டு தடவை படித்தாள். பிறகு தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

போன வருஷம் அதே ஆலை மறுபடி கூப்பிட்டது. சேஃப்டி ஆபீஸர் மாறியிருந்தார். விபத்துப் படிவம், வாக்குமூலப் படிவம் எல்லாவற்றையும் புதிதாக வடிவமைக்க வேண்டும் என்றார். பழைய படிவங்களும் நான் செய்தவைதான். மக்கள் எப்படி நிரப்புகிறார்கள் என்று பார்க்க, நிரப்பிய தாள்களின் கட்டு ஒன்று கேட்டேன். கொடுத்தார். தகவல் வரலாற்றுக்காரிக்கு அது பாயசம். கேட் அருகே ஒரு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கண்ணாடி வழியாக அண்ணனின் முதுகு தெரிந்தது.

ஏழாவதோ எட்டாவதோ தாள் அவனுடைய வாக்குமூலம். யாரோ குண்டு எழுத்தில் அவனுக்காக எழுதியிருந்தார்கள். அட்டை மாட்டினீர்களா? மாட்டினேன். பின்புறம் எழுதினீர்களா? இல்லை. காரணம்? பாக்கெட்டில் பேனா இருந்தது, எழுத இடமும் இருந்தது, மறந்துவிட்டேன், என் தவறு. அட்டையைப் பற்றி ஏதேனும் குறை உண்டா? அந்தக் கேள்வியை நானே சேர்த்திருந்தேன், கருத்துக் கேட்பது நாகரிகம் என்று. அவன் பதில்: இல்லை, நல்ல அட்டை.

கீழே கையொப்பத்துக்கு நான் விட்ட கட்டம். பக்கம் நெரிசலாகத் தெரியக் கூடாது என்று அரை அங்குலத்துக்குச் சுருக்கியது. அதில் ஓர் இடது கட்டைவிரல். கட்டத்துக்குள் அடங்காமல், நான் போட்ட கோட்டையும் தாண்டி மை அப்பியிருந்தது. நீளக் கோடும் இரண்டு புள்ளியும் போட்டவனின் கைநாட்டு. நைனாவுக்கு அப்புறம் எங்கள் வீட்டில் அடுத்தது. நான் தாளை மூடினேன். திரும்பவும் திறந்து, கட்டம் சிறியது என்று குறித்துக்கொண்டேன். கை தன்பாட்டுக்கு எழுதியது. அதன் பிறகுதான் அழுகை வந்தது.

அன்று சாயங்காலம் அவன் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்ததும் சேர்ந்து நடந்தோம். லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. மறந்துவிட்டேன் என்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன். எழுத முயற்சி செய்தாயா இல்லையா என்றும் கேட்டேன்.

"எழுதாம? மூணு தபா எழுதனேன். ஏறல. சரி, அஞ்சு நிமிசம் வேலதானேன்னு மாட்டிட்டுப் போய்ட்டேன்."

"அப்ப அத்த சொல்ல வேண்டியதுதான?"

அவன் ஒரு லாரிக்கு ஒதுங்கி நின்றுவிட்டு நடந்தான்.

"ஆஸ்பத்திரிக்கு வந்து எழுதிக்கினு போனாங்க பாரு, அதுக்கு மொதல்ல உன் லெட்டர காட்னாங்க. எழுத எடம் கீதுன்னு நீ கையெழுத்து போட்டுகீற. நான் ஏறலன்னு சொன்னா நீ பொய் சொன்ன மாரி ஆவும் இல்ல? அதான். பேஜாரு எதுக்குன்னு உட்டுட்டேன்."

அவன் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் தன் கைநாட்டை வைத்திருக்கிறான். இப்போது போய் உண்மையை எழுதிக் கொடுத்துவிடட்டுமா என்று ஒருவழியாகக் கேட்டேன். கேட்கும்போதே வேண்டாம் என்று அவன் சொல்லிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த ஆசையும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"உன் இஷ்டம்மா" என்றான்.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. இந்தப் பக்கங்களில் எழுதுகிறேன். இங்கேயும் ஆலைக்குப் பெயர் இல்லை, அவனுக்குப் பெயர் இல்லை, எனக்கும் இல்லை. வெறும் அட்டை மாட்டுவது எப்படி என்று எனக்கும் தெரிந்திருக்கிறது.

ஆனால் அட்டையை மாற்றினேன். புதிய சிவப்பு அட்டை மேட் லேமினேஷனில் வந்தது. சிவப்பு கொஞ்சம் செத்துத்தான் போயிற்று. மாதிரியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய மெக்கானிக் பெட்டியிலிருந்து கிரீஸ் டப்பாவைத் தேடி எடுத்து அட்டையில் ஒரு விரல் தடவினேன். சாதா பேனா ஒன்றையும் அவன் முன்னால் வைத்தேன். அவனுக்கே புரிந்தது. அட்டை நகராமல் இருக்க வலது முழங்கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு, இடது கையால் பேனாவைப் பிடித்தான். பெயரின் முதல் எழுத்துக்கே வெகு நேரம் ஆயிற்று. எழுத்துகள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. கடைசி எழுத்திலிருந்து கோட்டை இழுத்தான். அது மேலே ஏறிக் கீழே விழுந்து எங்கோ போய் நின்றது. அதன் கீழே இரண்டு புள்ளி வைத்தான்.

அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தான்.

"இப்ப ஏறுதுமா" என்றான்.